சாக்ஸ் போட்ட அலாரம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று அலுவலகத்தில் ஒரு கேள்வி கிடைத்தது. வேலை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எனக்கென்னவோ அது கேள்வியாகத்தான் தெரிகிறது.

அடுக்குமாடி வீடுகளில் எல்லா அறைகளிலும் புகை அலாரம் கட்டாயம் என்று எங்கள் வீட்டுவசதித் துறை சட்டம் கொண்டுவந்தது. காசு வாங்காமல் நாங்களே மாட்டியும் கொடுத்தோம். போன மாதம் தீயணைப்புத் துறையினர் சில வீடுகளில் சும்மா சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்றில் ஒன்று வேலை செய்யவில்லை. பழுது எதுவும் இல்லை. குடியிருப்பவர்களே அணைத்து வைத்திருக்கிறார்கள்.

இயக்குநர் கூப்பிட்டார். அவருக்கு எங்கள் பிரிவில் 'சுருக்கம்' என்று பெயர். எதை ஆரம்பித்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். "கழட்டுறவங்களுக்கு அபராதம் போடலாம்னு மேல நினைக்கிறாங்க. அதுக்கு முன்னாடி, ஏன் கழட்டுறாங்கன்னு ஒரு அறிக்கை வேணும். நீங்களே போய்க் கேட்டுட்டு வாங்க. சுருக்கமா எழுதுங்க."

உயிரைக் காப்பாற்றுகிற பொருள். இலவசம். யாரையும் எதுவும் கேட்காமல் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்காலி போட்டு ஏறி, மெனக்கெட்டு அதன் வாயை அடைக்க ஒரு மனிதருக்கு என்ன காரணம் இருக்க முடியும்?

அக்காவிடம் போனில் சொன்னேன். "சோம்பேறித்தனம்டி, வேற என்ன?" என்றாள்.

சோம்பேறி எதற்கு நாற்காலியில் ஏறுகிறான்?

மார்ச் 6, வியாழன்

கதவு தட்டித் தட்டி விரல் முட்டி வலிக்கிறது.

காரணங்கள் வகைவகையாக வருகின்றன. கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்: "முட்டை பொரிச்சாலே கத்துது. இவன தூங்க வைக்க நான் படற பாடு உங்களுக்குத் தெரியுமா?" ஒரு கல்லூரி மாணவன் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டிருக்கிறான். "மேட்ச் முடிஞ்சதும் திருப்பிப் போட்டுடுவேன்க்கா." எந்த மேட்ச் என்று நான் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், அலாரத்தின் சிவப்பு விளக்கு கண் சிமிட்டுவது தன்னைப் பார்த்துத்தான் என்கிறார். "அரசாங்கம் என் வீட்ல அப்படி என்னத்தப் பாக்குதுன்னு எனக்குத் தெரியல. ஆனா பாக்குது." என்னோடு வாதம் செய்யும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. தகவல் சொன்னார், அவ்வளவுதான். டீ கூடக் கொடுத்தார்.

இதுவரை ஒரு சோம்பேறியையும் பார்க்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இது விசித்திரமாக இருக்கிறது.

நெடுஞ்சாலை ஓரமாக இரட்டைக் கட்டடம் ஒன்று. கிழக்கு, மேற்கு என்று பெயர். ஒரே ஒப்பந்தக்காரர் கட்டியது. ஒரே வரைபடம், ஒரே வாடகை. அலாரம் கூட ஒரே வாரத்தில் மாட்டியதுதான். மேற்கில் எல்லா அலாரமும் நன்றாக வேலை செய்கிறது. கிழக்கில் நுழைந்தால் வீட்டுக்கு வீடு மூடி வைத்திருக்கிறார்கள். பாலிதீன் பை, டேப், சாக்ஸ். ஆமாம், சாக்ஸ்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளை சாக்ஸை இழுத்து மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்கள். குளிருக்குக் குல்லா போட்ட மாதிரி தொங்குகிறது.

அதுவும் சமையலறைப் பக்கத்தில் இல்லை. படுக்கை அறையில்! அங்கே யார் முட்டை பொரிக்கிறார்கள்?

கேட்டால், எல்லாரும் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே பதில்: "தூசி விழக்கூடாதுன்னு."

அலாரம் கூரையில் இருக்கிறது. தூசி மேலே இருந்து கீழேதானே விழும்? கூரைக்கு எங்கிருந்து தூசி விழும்?

மார்ச் 12, புதன்

தூசி, தூசி, தூசி. கிழக்குக் கட்டடத்தில் சாலைத் தூசி அதிகமோ என்று காற்று வீசும் திசை கூடப் பார்த்துவிட்டேன். மேற்குதான் சாலைக்குப் பக்கம்.

மார்ச் 16, ஞாயிறு

விடை கிடைத்துவிட்டது. கிடைத்த இடம்தான் சரியில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா நல்ல உற்சாகத்தில் இருந்தாள். அவள் சுகாதாரத் துறையில் புகையிலைத் தடுப்புப் பிரிவின் தலைவி. அடுக்குமாடிகளில் பால்கனி, மாடிப்படி, முற்றம் எங்கும் புகைபிடிக்கக் கூடாது என்ற விதி அவள் எழுதியது. புகை வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுக்கும் புகார் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டதாம். "அடுத்த மாசம் மாநாட்டுல நான்தான் பேசறேன் குட்டி" என்றாள். நாற்பது தாண்டிய என்னைக் குட்டி என்று கூப்பிட உலகத்தில் அவளும் அத்தானும்தான் மிச்சம்.

அவளுடைய சந்தோஷம் எனக்குப் புரியும். அப்பா நுரையீரல் கரைந்து போனபோது, மாதக்கணக்கில் விடுப்பு எடுத்துப் பக்கத்தில் இருந்தவள் அவள். மூச்சு விடுவது ஒரு வேலை, அதுவும் முழுநேர வேலை என்று அந்த நாட்களில்தான் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்துகொண்டோம்.

சாப்பிட்ட பிறகு பத்திரிகை எடுக்கலாம் என்று அத்தானின் புத்தக அறைக்குள் போனேன். பழக்க தோஷத்தில் கண் கூரைக்குப் போயிற்று. அலாரத்தின் மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் தொப்பி. குளிக்கும்போது தலை நனையாமல் இருக்கப் போட்டுக்கொள்வோமே, அது.

பின்னாலேயே அத்தான் வந்து நின்றார். நான் மேலே பார்ப்பதைப் பார்த்தார்.

"அது வந்து குட்டி… தூசி…"

எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். சிரித்து முடிப்பதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. கிழக்குக் கட்டடத்தின் சாக்ஸ், பை, டேப், எல்லாம்.

"அத்தான்! நீங்களா?"

"சத்தம் போடாதேம்மா. ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு சிகரெட். முன்னாடி பால்கனில பிடிப்பேன், அவளுக்கே தெரியாது. இப்ப பால்கனில நின்னா எதிர் வீட்டுக்காரர் புகார் கொடுத்துடுவார். விதி எழுதினவங்க வீட்லயேன்னு ஊர் சிரிக்காதா?"

அத்தான் பல் மருத்துவர். வாயில் வாடை தெரியாமல் இருக்க உலகத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும் அவர் கைவசம் இருக்கிறது. இத்தனை வருடமாக அக்காவுக்குத் தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

"அக்காகிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன். நேரம் பார்த்துச் சொல்றேன்."

கூடத்திலிருந்து அக்கா, "என்னடி அங்க ஒரே சிரிப்பு?" என்றாள். அத்தான் ஏதோ பழைய ஜோக் என்றார். நான் போய் அவள் எதிரே உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

மேற்குக் கட்டடத்தில் இன்று கேள்வியை மாற்றிக் கேட்டேன். அலாரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "இங்க சிகரெட் பிடிக்கிறவங்க எங்க போய்ப் பிடிப்பாங்க?"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் முகம் வெளிறியது. தச்சுவேலை செய்பவர், பருத்த உடம்பு. "வாங்க" என்று பின்பக்கம் கூட்டிப்போனார். சைக்கிள் கொட்டகை. கூரை உண்டு. பழைய பெஞ்சு ஒன்று, மணல் நிரப்பிய வாளி ஒன்று. இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வாளியில் குத்திவிட்டு நழுவினார்கள்.

"தப்புதான் மேடம். முற்றத்துல பிடிக்கக் கூடாதுன்னு விதி. ஆனா நானே பிடிக்கிறவன். நான் எப்படி மத்தவங்களைப் பிடிச்சுக் கொடுக்கிறது? எங்களைக் காட்டிக் கொடுத்துடாதீங்க."

கிழக்கின் செயலாளர் கறாரானவர். எங்கே புகை கிளம்பினாலும் நோட்டீஸ்தான். அதனால் கிழக்கில் எல்லாரும் விதியை மதிக்கிறார்கள், கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து புகைக்கிறார்கள். சட்டப்படி யாரும் கேட்க முடியாத இடம் அது ஒன்றுதான். அந்த இடத்துக்கு நேர் மேலே நாங்கள் கொண்டுபோய் ஓர் அலாரத்தை மாட்டியிருக்கிறோம்.

ஒரு துறை வெளியே நிற்காதே என்று துரத்துகிறது. இன்னொரு துறை உள்ளே வந்தால் கத்துகிறது. சாக்ஸ் மாட்டாமல் அந்த மனிதன் என்ன செய்வான்?

விதியை மீறும் கட்டடம் பத்திரமாக இருக்கிறது. மதிக்கும் கட்டடம் எப்போது வேண்டுமானாலும் எரியலாம். இதை 'சுருக்க'த்திடம் எப்படிச் சுருக்கமாகச் சொல்வது?

மார்ச் 20, வியாழன்

கிழக்கில் ஒரு வீட்டில் மட்டும் தைரியமாக நேராகவே கேட்டேன். கணவர் டாக்ஸி ஓட்டுகிறார். இரவெல்லாம் வண்டி, காலையில் வந்து படுக்கிறார். மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறார். கட்டிலைச் சுற்றி வெட்டிய துணிகள், நூல்கண்டுகள்.

"படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பிடிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும். கீழ போனா அந்த ஆள் கத்தறான், இங்க இருந்தா இது கத்துது" என்று கூரையைக் காட்டினார் ஓட்டுநர்.

"நீங்களாவது சொல்லுங்க. நான் சொன்னா இவர் காதுல ஏறாது" என்றார் மனைவி.

சொன்னேன். தூக்கக் கலக்கத்தில் கை நழுவினால் என்ன ஆகும் என்று சொன்னேன். கேள்வி கேட்பதுதான் என் வேலை, அறிவுரை இல்லை, ஆனாலும் சொன்னேன். அவர் என் கண்ணெதிரே கட்டிலில் ஏறி சாக்ஸைக் கழற்றினார். "போதுமா?" என்று சிரித்தார். நல்ல சிரிப்பு.

மார்ச் 27, வியாழன்

அத்தானுக்குப் போன் செய்தேன். "சொல்லிட்டீங்களா?" "மாநாடு முடியட்டும் குட்டி."

ஏப்ரல் 2, புதன்

கிழக்குக் கட்டடத்தில் தீ. டாக்ஸி ஓட்டுநர் வீடு. நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காலையில் வந்து படுத்திருக்கிறார். சிகரெட் மெத்தையில் விழுந்திருக்கிறது. தீயாக எரியவில்லை, உள்ளுக்குள்ளேயே கனன்று புகைந்திருக்கிறது. மனைவி அடுத்த அறையில் தையல் மெஷினில் இருந்தார்; மெஷின் சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாடை வந்து கதவைத் திறந்தபோது அறை முழுக்கக் கறுப்பு. அவரை இழுத்து வெளியே போட்டது அந்தம்மாதான். கணவருக்கு இரண்டு கையும் வெந்துவிட்டன. அந்தம்மாவுக்கு உள்ளே போன புகையில் தொண்டை புண்ணாகி, குரல் கரகரவென்று வருகிறது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தம்மாதான் சைகையோடு சொன்னார்: "நீங்க படி இறங்கறதுக்குள்ள… திரும்பப் போட்டுட்டார்."

நான் என்ன எதிர்பார்த்தேன்? நான் சொன்னேன் என்பதற்காக ஒரு மனிதன் தூங்காமல் இருப்பானா? சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். எங்கே போய்ப் புகைப்பது என்று சொன்னேனா? சொல்ல என்னிடம் இடம் இருந்ததா?

ஏப்ரல் 4, வெள்ளி

கூட்டம். இயக்குநர் மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா? இனிமே யோசிக்கவே வேணாம். அபராதம்தான்."

"சார், அபராதம் போட்டா அவங்க சாக்ஸை எடுக்க மாட்டாங்க. நமக்குக் கதவைத் திறக்க மாட்டாங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்டே இராத ஒன்று வந்தது: "விவரமா சொல்லுங்க."

சொன்னேன், கட்டடங்களின் பெயரை மட்டும் விட்டுவிட்டு. கேட்டு முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த பால்கனி விதி உங்க அக்காவோடது இல்ல?"

"ஆமா சார்."

"அவங்க ஒத்துக்காம இது நடக்காது. பேசுங்க."

ஏப்ரல் 6, ஞாயிறு

பேசினேன். பேசாமலே இருந்திருக்கலாம்.

அவள் வீட்டுக்கே போனேன். அத்தான் கடைக்குப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டார். நான் பேசி முடிக்கும் வரை அக்கா பொறுமையாகக் கேட்டாள். கட்டடத்துக்குக் கீழே, ஜன்னல்களிலிருந்து தள்ளி, கூரை போட்ட இடம் ஒன்றை அனுமதித்தால் போதும் என்றேன்.

"அப்போ நான் எழுதினதாலதான் தீப்பிடிச்சதுங்கற."

"அப்படிச் சொல்லலக்கா."

"அதைத்தான் சொல்ற. மேல் மாடிக் குழந்தைக்கு இழுப்பு, கீழ இருந்து ஜன்னல் வழியா புகை வருது, என்ன பண்றதுன்னு ஒரு அம்மா என் மேசை முன்னாடி உட்கார்ந்து அழுதாங்க. அவங்களுக்கு நீ என்ன சொல்லுவ? சிகரெட் பிடிக்கிறவங்களுக்குப் பந்தல் போட்டுக் கொடுக்கறோம்னா?"

"அந்தக் குழந்தைகிட்டேர்ந்து தள்ளித்தான்க்கா இடம் கேட்கறேன். பிடிக்கிறவங்க சிகரெட்டை விடலையே, உள்ளதானே போயிட்டாங்க. புகார் குறைஞ்சது புகை குறைஞ்சதால இல்ல. கதவு சாத்தினதால."

அவள் முகம் மாறிவிட்டது. "அப்பா மூச்சுக்கு அலைஞ்சது உனக்கு மறந்துபோச்சு. உனக்கு எல்லாமே வேடிக்கை. ஏன் எதுக்குன்னு கேட்டுக்கிட்டே திரிவ. பக்கத்துல உட்கார்ந்து முதுகு தடவினது நான்."

அது நியாயமில்லை. நானும்தான் தடவினேன். ஆனால் சொல்லவில்லை. நாக்கு நுனியில் வேறொன்று நின்றது: உன் வீட்டுப் புத்தக அறைக்குப் போய்க் கூரையைப் பார். அதையும் சொல்லவில்லை. கோபத்தில் எடுத்து எறிய அது என்னுடைய கல் இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

அத்தானுக்குப் போன்: "இதுக்கு மேல என்னால முடியாது. நீங்க சொல்றீங்களா, இல்ல நானே சொல்லட்டுமா?" அந்த டாக்ஸிக்காரரைப் பற்றியும் சொன்னேன், கை வெந்தது, குரல் போனது, எல்லாம். "வச்சுடறேன் குட்டி" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 12, சனி

சாயங்காலம் அக்கா வந்தாள். போன் செய்யாமல் அவள் வந்ததே கிடையாது. செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி.

மத்தியானம் படுத்திருந்தாளாம். திடீரென்று அலாரம் அலறியிருக்கிறது. புத்தக அறைக் கதவு உள்பக்கம் பூட்டி இருந்திருக்கிறது.

"உள்ள எரியறார்னு நினைச்சேன்டி. கதவை உதைச்சேன். காலைப் பாரு." கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. "திறந்தார். தீ எங்கன்னு கேட்டேன். தீ இல்லன்னார். ஜன்னல் பக்கம்தான் ஊதினேன், காத்து திருப்பி அடிச்சுடுச்சுன்னார். அந்த டாக்ஸிக்காரர் விஷயம் கேட்டதுலேர்ந்து தொப்பி போடறது இல்லையாம். தொப்பியாம்! என்ன தொப்பி, ஏது தொப்பின்னே எனக்குப் புரியல."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நொடி யோசித்தேன் கூட.

"தெரியும்."

தம்ளரைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

எடுக்கவில்லை. அத்தான் எடுத்தார். வீட்டில் பேச்சு இல்லையாம். கிளினிக்கிலிருந்து தாமதமாகத் திரும்புகிறாராம். "பேஷண்டுங்களாவது வாயைத் திறக்கறாங்க" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எங்களால் முடியவில்லை.

அக்கா மாநாட்டுக்குப் போகவில்லை என்றும் சொன்னார். வேறு யாரையோ அனுப்பிவிட்டாளாம்.

நான் செய்தது சரியா? அவள் இடத்தில் நான் இருந்தால் யார்மேல் கோபம் வரும்? ஒளித்தவர்மேலா, ஒளித்தது தெரிந்தும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள்மேலா? எனக்கு என் மேல்தான் வந்திருக்கும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் பஸ்ஸில் இருக்கும்போது போன். அக்கா. ஹலோ இல்லை, குட்டி இல்லை.

"ஒரு கட்டடத்துல சைக்கிள் கொட்டகை, மணல் வாளின்னு சொன்னியே. அங்கேர்ந்து பக்கத்து ஜன்னலுக்கு எவ்வளவு தூரம்? அளந்தியா?"

அளக்கவில்லை. இவ்வளவு பேசினேன், அதை அளக்கத் தோன்றவில்லையே எனக்கு!

"அளந்துட்டுச் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

அலுவலகத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்பே இறங்கி, அளக்கும் நாடா வாங்கிக்கொண்டு, நேரே மேற்குக் கட்டடம். தச்சர் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "அளக்கறது எங்களை மூடறதுக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், பாவம்.

மே 4, ஞாயிறு

அக்கா என்னைப் பார்க்க வந்தாள். இந்த முறை போன் செய்துவிட்டு.

தன் வேலையை யாரும் தனக்கு எடுத்துச் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. தானே பார்க்க வேண்டும். நான் கட்டடத்தின் பெயரைச் சொல்லாவிட்டாலும் தீவிபத்து நடந்த இடம் செய்தியில் வந்ததுதானே. தனியாகப் போயிருக்கிறாள். வாசலில், "தீப்பிடிச்ச வீட்டைப் பத்திப் பேச வந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாளாம். டாக்ஸிக்காரரின் மனைவி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்.

"அந்தம்மா என்னைத் திட்டினாங்கடி. நான் யாருன்னு தெரியாம. 'அந்த விதியை எழுதினவங்க யாரோ, அவங்க வீட்ல சிகரெட் பிடிக்கிற ஆளே இருக்க மாட்டான்'னு சொன்னாங்க. எனக்குச் சிரிப்பும் வரல, அழுகையும் வரல."

"நீ என்ன சொன்ன?"

"இருக்கார்னேன். என் வீட்லயும் இருக்கார்னேன். அந்த விதியை எழுதினது நான்தான்னும் சொல்லிட்டேன். அந்தம்மா தண்ணி கொண்டு வந்து வச்சாங்க. அப்புறம், 'உங்களுக்கும் தூக்கம் வரதில்லையா?'ன்னு கேட்டாங்க. அந்தக் குரல்ல. அந்தக் கிழிஞ்ச குரல்ல."

அப்போது அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதுகைத் தடவவில்லை, தள்ளிவிடுவாளோ என்று பயம். அவளே என் கையை எடுத்துத் தன் முதுகில் வைத்துக்கொண்டாள்.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "நீ அளந்த தூரம் பத்தாது. இன்னும் தள்ளிப் போகணும். காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு பாக்கணும். குழந்தைங்க விளையாடற இடத்துக்கு எதிர்ப்பக்கமா இருக்கணும்" என்றாள். அரசாங்கக் குரல் திரும்பிவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"அத்தானோட பேசினியா?"

"அது வேற துறை" என்றாள்.

மே 22, வியாழன்

இரு துறைக் கூட்டம். அக்காவும் இயக்குநரும் எதிரெதிரே. "சுருக்கமா…" என்று அவர் ஆரம்பிக்க, "முடியாது சார், இது நீளமான விஷயம்" என்றாள் அக்கா. அவர் வாயை மூடிக்கொண்டார். எங்கள் பிரிவில் இதைப் பல வருடங்களுக்குச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவளுடைய ஆட்களிலேயே இரண்டு பேருக்குக் கோபம். இத்தனை வருடம் பாடுபட்டு வாங்கிய தடையில் நாமே ஓட்டை போடுவதா என்றார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். அக்கா ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். இரண்டு கேள்விக்கு மட்டும், "தெரியல. ஒரு வருஷம் கழிச்சுப் பாக்கலாம்" என்றாள். தெரியவில்லை என்று அக்கா சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

அரசாணை வந்துவிட்டது. பால்கனியிலும் மாடிப்படியிலும் தடை அப்படியே இருக்கும். முற்றத்தில், ஜன்னல்களிலிருந்து போதிய தூரத்தில், கூரையும் மணலும் உள்ள ஓர் இடம் ஒவ்வொரு கட்டடத்துக்கும். பட்டனை அழுத்தினால் சற்று நேரம் அமைதியாகி, பிறகு தானே விழித்துக்கொள்ளும் அலாரம் சமையலறைப் பக்கம் வரும். அபராதம் இப்போதைக்கு இல்லை. புகைப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு வாரம் ஒருமுறை அந்தக் கொட்டகையிலேயே ஒரு செவிலியர் வந்து உட்காருவார். அது அக்காவின் யோசனை. "எப்படியும் அங்க நிப்பாங்க. பேச்சுத் துணைக்கு ஒரு ஆளை வச்சா என்ன?"

தச்சரிடம் போனில் சொன்னேன். கொட்டகையைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும் என்றேன். "தூக்கிட்டே போயிடறோம் மேடம்!" என்றார்.

செப்டம்பர் 11, வியாழன்

மறுசோதனை. கிழக்கில் பெரும்பாலான அலாரங்கள் திறந்த முகத்தோடு இருக்கின்றன. சில வீடுகளில் இன்னும் மூடித்தான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் புகைப்பதில்லை. அப்புறம் ஏன்? கேட்டால் தூசி என்கிறார்கள். ஒருவேளை உண்மையாகவே தூசிதானோ? எனக்கு இன்னும் புரியவில்லை. அடுத்த வாரம் மறுபடி போகப்போகிறேன்.

டாக்ஸிக்காரர் கையில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. இன்னும் வண்டி எடுக்கவில்லை. அந்தம்மாவின் குரல் இனி அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்களாம். "போன்ல பேசினா என்னை ஆம்பளைன்னு நினைச்சுக்கறாங்க. தையல் கூலி பாக்கி வசூல் பண்ண வசதியா இருக்கு" என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. இப்போதெல்லாம் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஏப்ரலில் இதை எழுத முடியும் என்று நான் நினைக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அத்தான் எழுந்தார். கொஞ்சம் தயங்கி, "நான் கீழ போயிட்டு வரேன்" என்றார். ஒளிவு மறைவில்லாமல் சொல்ல இன்னும் பழகவில்லை அவருக்கு. சின்னப் பையன் மாதிரி சொன்னார்.

அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பு மாட்டிக்கொண்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, நானும் வரேன். அந்தக் கிளினிக் வாடகை விஷயம் பாதியில நிக்குது" என்றாள். என்னிடம், "பாத்திரத்தை நீ பாத்துக்க குட்டி."

சமையலறை ஜன்னலிலிருந்து முற்றம் முழுக்கத் தெரிகிறது. கொட்டகையில் பெஞ்சின் ஒரு முனையில் அத்தான். மறுமுனையில் அக்கா, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முதலில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் பற்ற வைத்தார். அவள் முகத்தைச் சுளித்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். அக்கா பேச ஆரம்பித்தால் கையும் சேர்ந்து பேசும். அவர் ஏதோ மறுத்துச் சொன்னார், அவள் விடவில்லை, அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள் என்று நினைக்கிறேன். இங்கிருந்து முதுகுதான் தெரிந்தது.

நான் தட்டெல்லாம் கழுவி முடித்துவிட்டேன். அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தான் கையில் சிகரெட் அப்படியே இருந்தது, முனையில் நீளமாகச் சாம்பல் தொங்கிக்கொண்டு. பேச்சு சுவாரஸ்யத்தில் அதை வாயில் வைக்கவே மறந்துவிட்டார்.